பத்தாவது குணம்

அப்புத்துரையின் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் நாற்பத்தொரு புத்தகங்கள் இருந்தன. எல்லாம் ஆங்கிலம், எல்லாம் மனிதன் தன்னைத்தானே எப்படி உயர்த்திக்கொள்வது என்று சொல்பவை. மேடையில் நடுங்காமல் பேசுவது, நேரத்தை வீணாக்காமல் இருப்பது, மேலதிகாரியின் நம்பிக்கையைப் பெறுவது. ஆனால் எதன் பெயரும் வெளியே தெரியாது. பள்ளிப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைப் போல ஒவ்வொன்றுக்கும் பழுப்புத் தாளில் உறை போட்டிருந்தார்.

உறைக்குக் காரணம், அவர் தினமும் கடலைக் கடந்து வேலைக்குப் போகும் ஃபெர்ரியில் நடந்த ஒரு சம்பவம். ஐந்து வருடங்களுக்கு முன், பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் போகும்போது அவர் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் அட்டையை, கோயில் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த தம்பு எட்டிப் பார்த்தார். “வெற்றி பெறுறது எப்பிடியெண்டோ? நாப்பது வயசாகுது, இன்னும் துவங்கேல்லையோ தம்பி?” என்று கேட்டார். பக்கத்துப் பெஞ்சில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே அப்புத்துரை பழுப்புத் தாள் வாங்கினார்.

பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் பத்தொன்பது வருடமாக அவர் ஆவணப் பிரிவு எழுத்தர். அப்பா விநாசித்தம்பி ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நில அளவை அலுவலகத்தில் எழுத்தராகத் தொடங்கியவர். நல்ல ஆங்கிலமும் நல்ல கையெழுத்தும் அந்த வீட்டில் சோறும் குழம்பும் போலச் சாதாரணம். தலைமைப் பதவிக்கு வராமல் ஓய்வு பெற்றவர் என்று அந்தக் குடும்பத்தில் எவரும் இல்லை. அப்புத்துரைக்கு நாற்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது.

நவமணிக்கு இருபத்தேழு. தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டும் ராமசாமியின் மகள். ஆறு வருடங்களுக்கு முன் தட்டெழுத்தராக வந்தபோது, சரக்குச் சீட்டை எப்படிப் படிப்பது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அப்புத்துரைதான். அதை அவர் மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை, வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதுகூட அவருக்கு எரிச்சலாக இருந்தது. நன்றியைக்கூட அவள் நன்றாகச் செய்கிறாள் என்று தோன்றும்.

மேலாளர் சியா அவளை ‘நவா’ என்று கூப்பிடுவார். அப்புத்துரை பத்தொன்பது வருடத்துக்குப் பிறகும் ‘மிஸ்டர் துரை’தான். கப்பல் தாமதமானால், கொள்கலன் காணாமல் போனால், சியாவின் அறைக் கதவு திறந்து முதலில் வெளியே வரும் பெயர் நவா. அந்தக் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே அப்புத்துரையின் பேனா நின்றுவிடும். தன் பெயராக இருக்குமோ என்று ஒரு கணம் காத்திருப்பார். பிறகு மை கசியாதபடி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் எழுந்து போவதைப் பார்ப்பார்.

சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடையில் கடைசியாக வாங்கிய புத்தகம் இந்த நோய்க்கே எழுதப்பட்டது போலிருந்தது. அதன் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பயிற்சி: அலுவலகத்தில் எவரைக் கண்டால் வயிறு எரிகிறதோ அவருடைய பன்னிரண்டு நல்ல குணங்களை எழுதுங்கள், முப்பது நாள் காலையில் அதை வாசியுங்கள், எரிச்சல் கரைந்துவிடும்.

நாற்பது புத்தகங்களில் ஒரு பயிற்சியைக்கூட அவர் செய்ததில்லை. வாசிப்பார், நோட்டுப் புத்தகத்தில் அழகான கையெழுத்தில் சுருக்கம் எழுதுவார், அடுத்த புத்தகத்துக்குப் போவார். இந்தத் தடவை மட்டும் மதிய இடைவேளையில் பென்சிலை எடுத்தார். புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளில், தமிழில், பெயர் போடாமல், ‘இந்தப் பெண்’ என்று தொடங்கினார்.

நாலு நாளில் ஒன்பது எழுதினார். எழுத எழுத அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவையும் எப்போது கவனித்தோம் என்று. இந்தப் பெண் தெரியாததைத் தெரியாது என்று ஆறு பேர் நடுவில் நின்று கேட்கிறாள். செய்த பிழையை அன்றைக்குத் தேநீர் வேளைக்கு முன்பே தானே போய்ச் சொல்லிவிடுகிறாள். இவளுடைய ஆங்கிலம் நொண்டி. ஆனால் இவள் தொலைபேசியில் பேசிவிட்டுத்தான் எழுதுகிறாள், இவள் கடிதத்துக்கு மறுநாள் பதில் வருகிறது, என் கடிதத்துக்கு மூன்று வாரம். இவள் லாரிக்காரனிடம் பேசும்போது அவன் பெண்டாட்டிக்குப் பிரசவம் ஆயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் சரக்கைப் பற்றிக் கேட்கிறாள். அவன் லாரி முதலில் வருகிறது. இப்படியே ஒன்பது.

பத்தாவதுக்கு வந்தபோது சியாவின் கதவு திறந்தது. “நவா.”

அப்புத்துரை பென்சிலை அழுத்தி எழுதினார்: ‘பத்து. தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவும் என்னத்துக்கு? இவள் ஒருநாள் எல்லோர் முன்னாலும் தடுக்கி விழ வேண்டும். அதை நான் முன்வரிசையில் இருந்து பார்க்க வேண்டும்.’

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. முப்பது நாள் வாசிக்கவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை, பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப் போவதாகச் சியா அறிவித்தார். சிங்கப்பூரில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து சியாவுக்கும் புத்தகப் பைத்தியம் பிடித்திருந்தது. பதவிக்கு இரண்டு பேரைப் பார்க்கிறேன் என்றார்: மிஸ்டர் துரை, நவா. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் இருவரும் ஆளுக்குப் பத்து நிமிடம், தங்கள் வேலைக்கு உதவிய ஒரு முன்னேற்றப் புத்தகத்தைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேச வேண்டும்.

அப்புத்துரைக்கு உள்ளுக்குள் பூரித்தது. புத்தகம் என்றால் இந்த அலுவலகத்தில் அவரை விட்டால் யார்?

அன்று மாலை வீடு திரும்பும் ஃபெர்ரியில் நவமணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, நான் இந்த மாதிரி புக்கு ஒண்ணுகூட படிச்சதில்லலா. உங்க வீட்டுல ஒரு லைப்ரரியே இருக்காமே. ஒண்ணு குடுங்களேன்.”

“போட்டிக்காரனிட்டயே கேக்கிறீர்.”

“வேற யாருகிட்ட கேப்பேன்? நம்ம ஆபீஸ் ஹனீபா அண்ணன்கிட்ட கேட்டா குதிரைப் பந்தய புக்கு குடுப்பாரு.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை வரவழைத்ததற்காகவும் அவள்மேல் கோபம் வந்தது. “நாளைக்குக் கொண்டு வாறன்” என்றார்.

வீட்டுக்குப் போய் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தார். மூச்சை அடக்கி மன உறுதியை வளர்ப்பது பற்றி ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதியது. மூன்று தடவை முயன்றும் முப்பதாம் பக்கத்தைத் தாண்டாமல் அவர் தூங்கிப்போன புத்தகம். அதை அலுவலகப் பையில் வைத்தார். பையில் ஏற்கெனவே, சௌராஸ்தாவில் வாங்கிய அந்தப் புத்தகம் இருந்தது. இரண்டும் ஒரே உயரம், ஒரே தடிப்பு, ஒரே பழுப்புத் தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஃபெர்ரியில் பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, சனிக்கிழமைப் பேச்சுக்குக் குறிப்பெடுக்கலாம் என்று பையைத் திறந்து, மற்றப் புத்தகத்தை விரித்தார். மூச்சை அடக்குவது பற்றிய முதல் வரி அவரைப் பார்த்தது.

“என்னப்பா, பேயடிச்ச மாதிரி நிக்கிறியள்?” என்று கேட்டாள் மனைவி கமலாம்பிகை.

“புத்தகம் மாறிப் போச்சு.”

“மாறாம என்ன செய்யும்? எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. பேர் எழுதி ஒட்டுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான். ஆர் கேட்டது?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தமிழில் எழுதியது அலுவலகத்தில் பாதிப் பேருக்கு விளங்காது என்பதற்காக. விளங்கக்கூடியவர்களில் முதல் ஆள் நவமணி.

புதன்கிழமை காலை மூச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஃபெர்ரியில் அவளைத் தேடிப் போனார்.

“நவமணி, நேத்துத் தந்தது உமக்குச் சரி வராது. இதை வாசியும். அதைத் தாரும்.”

“ஐயோ இல்லண்ணே, அது நல்லா இருக்குலா. நாலு சாப்டர் முடிச்சிட்டேன். டிக்‌ஷனரிய பக்கத்துலயே வெச்சிக்கிட்டுப் படிக்கிறேன்.”

“அதுல பிழையான கருத்துகள் இருக்கு.”

“இருக்கட்டும். பிழையையும் சேத்துப் பேசுறேன்.”

பிடுங்கவா முடியும்? நாள் ஒன்றுக்கு நாலு அத்தியாயம், மொத்தம் பதினாலு. வெள்ளிக்கிழமை கடைசித் தாளுக்கு வந்துவிடுவாள். கப்பல் வரும் நாளைக் கணிப்பது போல விரலை மடக்கிப் பார்த்தார். கணிப்பு மாறவில்லை.

வியாழக்கிழமை அவள் துறைமுகத்துக்குப் போயிருந்த நேரம், கோப்பு ஒன்றைத் தேடுகிற பாவனையில் அவள் மேசைக்குப் போனார். மேலே இல்லை. இழுப்பறையை இழுத்தார். ஒரு சீப்பு, ஊறுகாய்ப் போத்தல், மணி ஆர்டர் ரசீதுகள். பக்கத்து மேசை ரொஸ்னா தட்டெழுத்துப் பொறியை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

“என்ன தேடுறீங்க, என்சிக்?” என்று மலாயில் மரியாதையாகவே கேட்டாள்.

“என்னுடைய புத்தகம்.”

“நவா பையிலேயே வெச்சிருக்கா. பஸ்ஸில படிக்க.” பிறகு மெதுவாகச் சேர்த்தாள், “இழுப்பறையை நான் மூடிடுறேன்.”

அவர் காது சிவக்கத் தன் இடத்துக்குத் திரும்பினார். தலைமை எழுத்தர் விநாசித்தம்பியின் மகன் ஒரு பெண்ணின் இழுப்பறையில் கைவிட்டான் என்பது ரொஸ்னாவின் வாயில் எப்படிக் கதையாகும் என்று யோசித்தார். அப்போதும் அவர் மனதின் ஒரு மூலை வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது: பஸ்ஸில்கூடவா படிக்கிறாள்?

வெள்ளிக்கிழமை நவமணி விடுப்பு.

சனிக்கிழமை ஒரு மணிக்கு மேசைகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். பதினெட்டுப் பேர். மூத்தவர் என்பதால் அப்புத்துரை முதலில் பேசினார். நேரத்தைத் திட்டமிடுவது பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து, மூன்று தாள் தட்டச்சு செய்து வந்திருந்தார். ஆங்கிலத்தில் ஒரு பிசிறு இல்லை. கை தட்டினார்கள். நவமணி எல்லோருக்கும் முன்னதாகத் தட்டினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

துறைமுக வேலை பார்க்கும் ஹனீபா கையைத் தூக்கினார். “துரை அண்ணே, நல்லா சொன்னீங்க. அதுல எத நம்ம ஆபீஸ்ல செஞ்சு பாத்தீங்க?” பிறகு அதையே மற்றவர்களுக்காக ஆங்கிலத்திலும் கேட்டார்.

அப்புத்துரை தாளைப் புரட்டினார். “படிப்படியாக அமல்படுத்தலாம்” என்றார். யாரோ பின்னால் இருமினார்கள். அவர் போய் முன்வரிசையில் காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

நவமணி வெறுங்கையோடு எழுந்து வந்தாள். ஆங்கிலம் இடறியது. இடறிய இடத்தில் நின்று, சொல் கிடைத்ததும் மேலே போனாள்.

“நான் படித்த புத்தகத்தில் ஒரு பயிற்சி இருந்தது. பிடிக்காத ஒருவரின் நல்ல குணங்களை எழுத வேண்டும். அது பழைய புத்தகம். முன்பு வைத்திருந்த யாரோ அந்தப் பயிற்சியைச் செய்திருக்கிறார். கூட வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றி. அந்தப் பெண் அதற்கெல்லாம் தகுதியானவளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எழுதியவர் கண் சாதாரணக் கண் இல்லை. புத்தகத்தைவிட அந்த ஒரு பக்கம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.”

அப்புத்துரை கதவைப் பார்த்தார். இதோ, இப்போது என் பெயர் வரும்.

வரவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிழையைத் தேநீர் வேளைக்கு முன் சொல்லிவிடுவது: நம் பிரிவில் இதை ஒரு விதியாக வைத்தால், தவறான சீட்டு கப்பலுக்குப் போவதற்கு முன் பிடித்துவிடலாம். கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு தொலைபேசி: மூன்று வாரம் மிச்சம். லாரிக்காரர்களின் பெயர்களை ஒரு அட்டையில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டுவது. தெரியாததைக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது. இதைச் சொல்லும்போது சீன எழுத்தர்கள் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பதையும் ஒன்பது வேலையாக்கிவிட்டாள். சியா தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஹனீபா மறுபடி கையைத் தூக்கினார். “யார் எழுதினது அது?”

“பேர் இல்லண்ணே. சௌராஸ்தா கடை சீல்தான் இருக்கு. யாரோ நல்லா கவனிக்கிற ஆளு.”

அப்புத்துரை தலையைக் குனிந்துகொண்டார். காட்டிக்கொடுக்கவில்லை என்ற நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்த இடத்துக்கு வேறொன்று வந்து உட்கார்ந்தது. அவள் வாயிலிருந்து வருவது அவருடைய சொற்கள். பத்தொன்பது வருடத்தில் அவர் சொந்தமாக எழுதிய ஒரே பக்கம். அது அவர் பையில் பத்து நாள் கிடந்தது. அதை எடுத்துப் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வாசித்த நாலாம் நாள் அவளுக்குத் தோன்றிவிட்டது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சுற்றறிக்கை வந்தது. ஆவணப் பிரிவுத் தலைவர்: நவமணி ராமசாமி. கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்ப வேண்டும். அப்புத்துரை தன் அழகான கையெழுத்தைப் போட்டு அனுப்பினார்.

வீட்டில் கமலாம்பிகை கேட்டாள், “ஆருக்குக் குடுத்தவங்கள்?”

“அந்தப் பெட்டைக்கு.”

“அவள் என்னத்தைப் பற்றிப் பேசினவள்?”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். “நான் எழுதினதைப் பற்றி” என்றார். கமலாம்பிகைக்கு விளங்கவில்லை. மேலே கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஃபெர்ரியில் அவர் மேல்தட்டின் ஓரத்தில், யாரும் உட்காராத எஞ்சின் சத்தம் கேட்கும் பக்கம் போய் இருந்தார். நவமணி தேடிக்கொண்டு வந்தாள். பழுப்பு உறைப் புத்தகத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்தாள்.

“உங்க புக்குண்ணே.”

“வாழ்த்துகள்” என்றார் அவர். நேற்றே சொல்லியிருக்க வேண்டியது.

“நேத்து ராத்திரி சாப்புடுறப்ப அப்பாவுக்கு அந்த ஒம்பதையும் வாசிச்சுக் காட்டுனேன். அவருக்குப் படிக்கத் தெரியாதில்ல. யாரும்மா ஒன்னப் பத்தி இவ்வளவு எழுதுனதுன்னு கேட்டாரு. கூட வேல செய்யிற அண்ணன்னு சொன்னேன். மறுபடி வாசின்னாரு. மூணு தடவ வாசிச்சேன்.”

அப்புத்துரை கடலைப் பார்த்தார். தன்னைப் பற்றி யாராவது ஒன்று எழுதியிருந்தால், தன் வீட்டில் யார் அதை மூன்று தடவை கேட்பார்கள்?

“கடைசிப் பக்கத்த பாருங்க” என்றாள்.

புத்தகத்தை வாங்கித் திறந்தார். கடைசித் தாளில் பெரும்பகுதி இல்லை. அளவுகோல் வைத்து, பிசிறில்லாமல், ஒன்பதாவது குணத்துக்குக் கீழே வெட்டியிருந்தாள். அட்டையோடு ஒட்டிக்கொண்டு இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் ‘பத்து’ என்று தொடங்கும் அவர் கையெழுத்து.

புத்தகத்தில் ஒரு மடிப்புக்கூட விழாமல் வாசிப்பவர் அவர். முதலில் வந்த அதிர்ச்சி தாளை வெட்டியதற்கு. பிறகுதான் மற்றது வந்தது.

“ஒம்பத நான் எடுத்துக்கிட்டேன். அது என்னோடது. பத்தாவது உங்களோடது, நீங்க வெச்சுக்குங்க.”

“நவமணி, அது நான் ஏதோ அண்டைக்கு…”

“மன்னிப்பெல்லாம் வேணாம்ணே. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது நெசமா?”

நாற்பத்தொரு புத்தகங்களிலும் இப்படிப்பட்ட நேரத்தில் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் இருந்தன. எதிராளியின் பெயரைச் சொல்லி, கண்ணைப் பார்த்து, அவர் உணர்ச்சியை மதிப்பதாகக் காட்டி. எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

“நெசம்தான்.”

“இப்பவும்?”

எஞ்சின் நின்று ஃபெர்ரி கரையை நோக்கி மிதந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிடமும் அவளுடைய ஆங்கிலம் இடறும்போதெல்லாம் தன் நெஞ்சு எப்படித் துள்ளியது என்பது அவருக்குத் தெரியும்.

“இப்பவும்” என்றார்.

லாரி அரை மணி நேரம் தாமதம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொள்வது போல நவமணி தலையை ஆட்டினாள். முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“சரி. தெரிஞ்சுக்கிட்டு வேல செய்யலாம். பத்து மணிக்குக் கப்பல் சரக்கு மெனிஃபெஸ்ட் வேணும்ணே. கஸ்டம்ஸுக்கு லெட்டர் வேணாம், நீங்களே போன் பண்ணிக் கேளுங்க.”

“சரி” என்றார் அப்புத்துரை.

கரைக்குப் போகும் பாலம் இறங்கியதும் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு முன்னே போனார்கள். நவமணி அவர்களுக்கு நடுவே அவசரப்படாமல் நடந்து போனாள். தன்னை வெறுப்பதாக ஒருவர் நேருக்கு நேர் சொன்ன பிறகு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவரால் எப்படி அப்படி நடக்க முடிகிறது என்று அப்புத்துரை பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அது வராது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. வயிறு எரிய, மெனிஃபெஸ்ட்டுக்கு நேரமாகிறது என்று அவரும் இறங்கி அவள் பின்னால் நடந்தார்.